ஆளாக்கிய கைகள்: ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் திரைப்படம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தமிழில் ‘ஆளாதல்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. பிறந்த அளவில் ஒருவன் ஆளாகிவிடுவதில்லை. பிறர் கையால் ஆக்கப்படுகிறான் என்பது அச்சொல் தரும் குறிப்பு. ‘அவர்தாம் என்னை ஆளாக்கினார்’ என்று நன்றியுடையோர் கூறுவதையும், ‘உன்னை ஆளாக்கியது யார்?’ என்று மனம் நொந்தோர் வினவுவதையும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஒரே சொல் ஓரிடத்து நன்றியாகவும் பிறிதோரிடத்துக் கடனைக் கேட்கும் குரலாகவும் ஒலிக்கின்றது. தாய் தந்தையர் உடையார்க்கு இவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. இருவரையும் இழந்த அநாதைக்கோ, தன்னை ஆளாக்கியவர் யாவர் என்பதே தேடிக் காணவேண்டிய பொருளாகி விடுகிறது. இத்தேடலையே கதையாகக் கொண்ட ஆங்கிலப் படம் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நூலும் படமும்

சார்லஸ் டிக்கன்ஸ் இயற்றிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நாவல், அவரே நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடர்ந்து வெளிவந்தது. ‘பெரிய எதிர்பார்ப்புகள்’ என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். எனினும், அக்கால ஆங்கிலத்தில் அச்சொல் பிற்காலத்தில் ஒருவனுக்கு வந்து சேரவிருக்கும் சொத்தையும் குறித்தது. மனத்தின் ஆசையும் கைக்கு வரும் சொத்தும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ளுதல் நலம். கதையின் குழப்பமெல்லாம் அவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதிலிருந்தே விளைகின்றது.

இந்நாவலைப் பலர் பல முறை படமாக்கியுள்ளனர். அவற்றுள், 1946-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த டேவிட் லீன் அவர்களின் படமே சிறந்ததெனப் பலராலும் மதிக்கப்படுகிறது. ரொனால்ட் நீம் தயாரித்த அப்படம் கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுவது. 1948-இல் வழங்கப்பெற்ற ஆஸ்கார் பரிசுகளுள், கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான பரிசு கை கிரீன் என்பவருக்கும், கலை அமைப்புக்கான பரிசு ஜான் பிரையன், வில்பிரட் ஷிங்கில்டன் ஆகியோருக்கும் இப்படத்தின் பொருட்டுக் கிடைத்தன. 1999-இல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் தொகுத்த சிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களின் வரிசையில் இஃது ஐந்தாம் இடம் பெற்றது.

லீன் இப்படத்தை எடுக்க முற்பட்டதற்கு ஒரு நாடகமும் காரணமாயிற்று. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அலெக் கின்னஸ் இந்நாவலை நாடகமாக்கி 1939-இல் லண்டனில் நடித்தார். அதனைக் கண்ட லீன், அந்நாடகத்தில் ஹெர்பர்ட் பாக்கெட்டாக நடித்த கின்னஸையும், மிஸ் ஹாவிஷாம் அம்மையாராக நடித்த மார்ட்டிட்டா ஹன்டையும் தம் படத்திலும் அதே பாத்திரங்களை ஏற்கச் செய்தார்.

கதைச் சுருக்கம்

கென்ட் மாகாணத்துச் சதுப்பு நிலத்தருகே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிப் என்னும் சிறுவன் வாழ்கிறான். பெற்றோர் இருவரும் கல்லறையில். அவனினும் இருபதாண்டுக்கு மேல் மூத்த தமக்கையும், அவள் கணவனாகிய ஜோ என்னும் கொல்லனும் அவனை வளர்க்கின்றனர். ஒருநாள் மாலை கல்லறைத் தோட்டத்தில், தப்பியோடி வந்த மாக்விச் என்னும் கைதி அவனைப் பற்றி, உணவும் காலில் பூட்டிய தளையை அறுக்க ஓர் அரமும் கொண்டுவருமாறு அச்சுறுத்துகிறான். சிறுவன் அஞ்சி வீட்டிலிருந்து திருடிக் கொடுக்கிறான். கைதி மறுநாளே பிடிபட்டுக் கடல் கடத்தப்படுகிறான்.

சில காலத்திற்குப் பின்னர், மணநாளன்று மணமகனால் கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டியின் இருண்ட மாளிகைக்கு விளையாட வருமாறு பிப் அழைக்கப்படுகிறான். அங்கே அம்மையார் வளர்க்கும் எஸ்டெல்லா என்னும் அழகிய சிறுமி அவனை இகழ்கிறாள். அவனோ அவள்பால் மனத்தைப் பறிகொடுக்கிறான். பின்னர், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் அவனை லண்டனில் கனவானாக வளர்க்கப் பொருள் அளிப்பதாக ஜாக்கர்ஸ் என்னும் வக்கீல் அறிவிக்கிறார். அவ்வள்ளல் மிஸ் ஹாவிஷாமே என்று பிப் நம்புகிறான். ஆண்டுகள் கழிந்து, புயல் வீசும் ஓர் இரவில், உண்மை வள்ளல் அவன் அறையின் வாயிலில் வந்து நிற்கிறான். அவன் வேறு யாருமல்லன், அக்கைதியே.

முதற் காட்சியின் திறம்

படம் ஒரு புத்தகத்தைத் திறந்து தொடங்குகிறது. காற்று ஏடுகளைப் புரட்ட, ஏடு மறைந்து சதுப்பு நிலம் தோன்றுகிறது. பரந்த வானத்தின் கீழ், தூக்குமரங்களைக் கடந்து, ஒரு சிறுவன் ஓடி வருகிறான். கல்லறைச் சுவரைத் தாண்டிப் பெற்றோர் நடுகல்லின் முன் மண்டியிடுகிறான். மரக்கிளைகள் முனகுகின்றன, பட்டுப்போன மரம் ஒரு பூதத்தின் முகம் போல் தோன்றுகிறது. சிறுவன் எழுந்து திரும்பி நம்மை நோக்கி ஓடுகிறான். ஓடியவன் ஒரு மனிதனின் மேல் மோதுகிறான். அம்மனிதன் அங்கே நிற்பதை அவனும் அறியான், நாமும் அறியோம். காமிரா சிறுவனோடு சேர்ந்தே திரும்புவதால், அவனுக்கு நேரும் அச்சம் அதே கணத்தில் காண்போர்க்கும் நேர்கிறது.

இஃது அச்சுறுத்தலுக்கென்றே செய்த வித்தையன்று. படம் முழுவதையும் சிறுவனின் கண்கொண்டு காணுமாறு நம்மைப் பழக்குவதற்குச் செய்த பாடம் எனலாம். மறுநாட் காலை, திருடிய உணவோடு பனியில் ஓடும் பிப்பினை நோக்கி வழியில் நிற்கும் மாடுகளும் ‘திருடன்’ என்று பேசுவதாகப் படம் காட்டுகிறது. மாடுகள் பேசா என்பது நமக்குத் தெரியும். ஆயினும் குற்றவுணர்வு மிக்க குழந்தைக்கு உலகமே வாய்திறந்து பேசும் என்பதும் தெரியும்.

இவ்வுத்தி பின்னர்ப் பெரும்பயன் தருகிறது. வள்ளல் மிஸ் ஹாவிஷாமே என்று பிப் எண்ணும்போது நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். அவன் ஏமாந்தபோது நாமும் ஏமாறுகிறோம். ஆதலின் அவனைப் பேதை என்று நகைக்கும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம்.

வளர்த்த கைகள்

இக்கதையில் ‘கை’ என்பது திரும்பத் திரும்ப வருவதை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தமக்கை தன் தம்பியைக் ‘கையால் வளர்த்ததாக’ ஊரெல்லாம் பறைசாற்றுகிறாள். தாய்ப்பால் இல்லாத குழந்தையைக் கரண்டியாலும் புட்டியாலும் பாலூட்டி வளர்ப்பதை அக்கால ஆங்கிலேயர் அவ்வாறு கூறினர். பிப்போ, அவள் கை அடிக்கடி தன் முதுகில் விழுவதால், அதுவே அச்சொல்லின் பொருள் போலும் என எண்ணுகிறான். நகைச்சுவை போலத் தோன்றும் இவ்விடத்தில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஊட்டிய கையும் அடித்த கையும் ஒன்றே. அநாதைக்கு வேறு கை கிடையாது.

அடுத்தது ஜோவின் கை. உலைக்களத்தில் சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன அக்கை, பிப்பின்மேல் ஒருபோதும் சினத்தோடு பட்டதில்லை. நாவலில் ஜோ தன் இளமையை உரைக்குமிடம் உண்டு: அவன் தந்தை குடித்துவிட்டு வந்து தாயையும் மகனையும் அடிப்பவன், அதனால் ஜோவின் கல்வியும் தடைப்பட்டது. அடிபட்டு வளர்ந்தவன் அடிப்பவனாக வேண்டும் என்னும் விதியில்லை என்பதற்கு ஜோவே சான்று.

இனி, மாக்விச்சின் கை. கல்லறையில் சிறுவனைப் பற்றித் தலைகீழாகச் சாய்த்த அக்கை, பின்னர்க் கடல் கடந்த நாட்டில் அவனுக்காகவே உழைக்கிறது. நாவலில் அவன் தன் வரலாறு கூறும்போது, தன்னைப் பெற்றவர் யாவர் என்பதை அறியாதவனாய், பசிக்குக் கிழங்கு திருடித் தின்ற நாளே தனக்கு நினைவிருக்கும் முதல் நாள் என்கிறான். ஆகவே, இக்கதையில் அநாதை பிப் ஒருவனல்லன். அவனை ஆளாக்கியவனும் ஓர் அநாதையே. ஒருவனுக்கு ஜோ என்னும் நிழல் கிடைத்தது, மற்றொருவனுக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் உள்ள வேற்றுமை பிறவியில் வந்ததன்று. வளர்த்த கையில் வந்தது.

நாலாவதாக, எஸ்டெல்லா சுட்டிக்காட்டிய பிப்பின் கை. சீட்டாடும்போது, அவன் கைகள் முரடானவை, காலணிகள் தடித்தவை என்று அவள் நகைக்கிறாள். அதுவரை பிப் தன் கைகளை நோக்கியதே இல்லை. வீடு திரும்பும் வழியில் முதன்முதலாக நோக்குகிறான். கதையின் துன்பமெல்லாம் அந்நோக்கிலிருந்து தொடங்குகிறது.

நாணம் என்னும் நோய்

தன் கைகளைக் கண்டு நாணியவன், அடுத்து அக்கைகளுக்குத் தொழில் கற்பித்த ஜோவைக் கண்டு நாணுகிறான். லண்டனில் பிப்பின் அறைக்கு ஜோ வரும் காட்சி, படத்தில் மிக நுட்பமாக அமைந்த ஒன்று. புத்தாடையில் ஜோவின் உடல் பொருந்தவில்லை. தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது. தான் வளர்த்த பிள்ளையை ‘ஐயா’ என்று அழைக்கிறான். இடையிடையே பழைய பெயர் வாயில் வருகிறது. உடனே திருத்திக் கொள்கிறான். உடனிருக்கும் ஹெர்பர்ட் அவனிடம் இயல்பான அன்போடு நடந்துகொள்கிறான்; பிறப்பாலேயே கனவானாகிய அவனுக்கு ஜோவைக் கண்டு நாண வேண்டிய தேவை இல்லை. பிப்புக்கு மட்டுமே முகம் சுளிக்கிறது.

இக்காட்சியில் யாரும் ஒரு கடுஞ்சொல்லும் சொல்வதில்லை. ஜோ கோபிப்பதில்லை. தன் உலைக்களத்தில் இருந்தால் தான் ஒழுங்காக இருப்பதாகவும், இங்கே தான் பொருந்தவில்லை என்பதாகவும் கருதி அமைதியாக விடைபெறுகிறான். கனவானாக முயன்று தான் வீண் தருக்கனாகவே ஆனதைப் பிப் உணர்கிறான்; உணர்ந்தும் ஓடிச் சென்று அழைக்கத் துணிவதில்லை. குற்றம் செய்வதற்கும் குற்றத்தை உணர்வதற்கும் இடையே உள்ள தூரம் சிறிது. உணர்வதற்கும் திருந்துவதற்கும் இடையே உள்ள தூரமே பெரிது.

இந்நாணத்தை இத்துணைத் துல்லியமாக டிக்கன்ஸ் எவ்வாறு எழுதினார்? அவர் அநாதை அல்லர்; ஆயினும் அநாதையின் நிலையை அறிந்தவர். 1824-இல், அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியபோது, தந்தை கடனுக்காக லண்டனில் உள்ள மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் டிக்கன்ஸ், காலணி மை செய்யும் சாலை ஒன்றில், வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்கு, மைப் புட்டிகளில் பெயர்த்தாள் ஒட்டும் வேலையில் அமர்ந்தார். பெரும்புகழ் பெற்ற பின்னரும் இச்செய்தியை அவர் வெளியிட்டாரல்லர். நெருங்கிய நண்பராகிய ஜான் பார்ஸ்டரிடம் மட்டுமே மனம் திறந்தார். 1870-இல் அவர் மறைந்த பின்னர், பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே உலகம் அதை அறிந்தது. கைத்தொழில் செய்த கைகளை மறைக்க விரும்பும் மனத்தைப் பற்றி எழுத, அவர் வேறு எங்கும் சென்று கற்க வேண்டியதில்லை.

செல்வம் வந்த வழி

மாக்விச் கடத்தப்பட்ட இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,60,000 கைதிகள் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியக் கரைகளுக்கு அனுப்பப்பட்டனர். தண்டனைக் காலம் முடிந்தவர் அங்கே நிலமும் ஆடும் கொண்டு செல்வராதல் கூடும். ஆனால் வாழ்நாள் முழுதும் நாடு கடத்தப்பட்டவன் தாயகம் திரும்பினால், 1834 வரை அதற்குத் தண்டனை மரணமே. மாக்விச் இதனை அறிந்தே திரும்புகிறான். தான் ஆக்கிய கனவானை ஒரு முறை கண்ணாரக் காண்பதற்காகத் தன் கழுத்தைப் பணயம் வைக்கிறான்.

அவனைக் கண்ட பிப்புக்கு முதலில் எழுவது நன்றி அன்று, அருவருப்பே. தான் உண்ட உணவும் உடுத்த உடையும் கற்ற கல்வியும் கைதியின் பொருள் என்பதை அவனால் தாங்க இயலவில்லை. கதையின் நடுநாடி ஈண்டே துடிக்கின்றது. சீமாட்டியின் பொருள் என்று எண்ணியபோது, அச்செல்வத்தைப் பெறுவது அவனுக்கு இயல்பாகத் தோன்றியது. உழைப்பாளியின் பொருள் என்று அறிந்தபோது இழிவாகத் தோன்றுகிறது. மிஸ் ஹாவிஷாமின் செல்வம் அவர் உழைத்து ஈட்டியதன்று. மாக்விச்சின் செல்வமோ வெயிலிலும் தனிமையிலும் ஆடு மேய்த்து ஈட்டியது. இருவருள் யார் பணம் தூயது என்னும் வினாவைப் படம் வாய்விட்டுக் கேட்பதில்லை. காண்போர் மனத்தில் விட்டுச் செல்கிறது.

எனினும் மாக்விச்சிடமும் ஒரு குறை உண்டு. அவன் பிப்பைத் தன் பொருள் என்றே கருதுகிறான். தன்னை இகழ்ந்த உலகத்திற்குத் தான் விலைகொடுத்து ஆக்கிய ஒரு கனவானைக் காட்டிப் பெருமிதம் கொள்ள விழைகிறான். அவ்வாறே மிஸ் ஹாவிஷாமும். தம்மை ஓர் ஆடவன் ஏமாற்றினான் என்பதற்காக, ஆடவர் அனைவரின் நெஞ்சையும் உடைக்கும் கருவியாக எஸ்டெல்லாவை வளர்க்கிறார். காயமுற்ற இரு முதியோர், தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ள இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்கின்றனர். ஒருவர் அன்போடும், மற்றவர் வஞ்சத்தோடும் செய்கின்றனர் என்னும் வேற்றுமை உண்டு. ஆனால் இருவருமே குழந்தையை நோக்கி, ‘நீ என்ன ஆக விரும்புகிறாய்?’ என்று கேட்டாரல்லர்.

எஸ்டெல்லா யார் மகள் என்பது பின்னரே தெரிய வருகிறது. அவள் தந்தை மாக்விச்; தாய், ஜாக்கர்ஸ் வீட்டில் பணிபுரியும் மோலி. பிப்பின் முரட்டுக் கைகளை இகழ்ந்தவள், விலங்கு பூண்ட கைகளின் மகள். அவளுடைய மேன்மையும் பிப்பின் மேன்மையும் ஒரே வகையில் பிறர் உடுத்திய ஆடையே.

தம்மால் தாம் விரும்பியவாறே ஆக்கப்பட்ட எஸ்டெல்லாவிடம் அம்மையார் அன்பை எதிர்பார்க்குமிடம் இரங்கத்தக்கது. கொடுக்கக் கற்பிக்காத பொருளைத் திருப்பித் தருமாறு கேட்டால், அவள் எங்கிருந்து தருவாள்?

ஆளாகும் இடம்

பிப் எப்போது ஆளாகிறான்? இருபத்தொரு வயது நிரம்பியபோது சட்டம் அவனை ஆளாக்கிற்று; அன்று அவன் கடனாளியாகவே இருந்தான். பணம் அவனுக்கு ஆடை தந்தது, நடை தந்தது, ஆண்மை தரவில்லை.

மாக்விச்சைக் காப்பாற்ற ஹெர்பர்ட்டும் பிப்பும் ஒரு சிறு படகில் அவனை ஏற்றித் தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குத் துடுப்பு வலிக்கின்றனர். அயல்நாடு செல்லும் நீராவிக் கப்பலில் ஏறித் தப்புவது அவர்கள் எண்ணம். மாக்விச்சின் பழம்பகைவனாகிய காம்பிசன் காட்டிக் கொடுக்கிறான். காவலர் படகு நெருங்க, கப்பல் வந்து மோத, காம்பிசன் நீரில் மூழ்கி மாள்கிறான். மாக்விச் படுகாயமுற்றுப் பிடிபடுகிறான். துடுப்பு வலித்த பிப்பின் கைகள் மீண்டும் முரடாகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்முறை அவன் அவற்றை நோக்கவில்லை.

நீதிமன்றத்தில், மரண தண்டனை விதிக்கப்படும் கைதிகளின் வரிசையில் மாக்விச் நிற்க, எல்லோரும் காணுமாறு பிப் அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். லண்டனில் தன் அறையில் ஜோவைக் கண்டு நாணிய அதே பிப், இங்கே ஊரறிய ஒரு குற்றவாளியின் கையைப் பற்றுகிறான். அவன் ஆளான இடம் இதுவே என்பது எம் கருத்து. தண்டிக்கப்பட்டவன் பொருள் அரசைச் சேரும் என்னும் சட்டம் 1870 வரை வழக்கில் இருந்தமையால், செல்வம் முழுவதும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். பெறுவதற்கு ஒன்றுமில்லாத நிலையில் பற்றிய கை அது. சிறையில் மாக்விச் உயிர் நீங்கும் தறுவாயில், அவன் மாண்டதாகக் கருதிய மகள் உயிரோடிருப்பதைப் பிப் அவனுக்குச் சொல்கிறான். வாங்கிய கடனைப் பணத்தால் அடைக்க இயலாதவன், ஒரு நற்செய்தியால் அடைக்கிறான்.

பின்னர்ப் பிப் நோயுற்று வீழ்ந்தபோது, அவன் அருகிலிருந்து பணிவிடை செய்வது யார்? ஜோவே. வந்ததற்குக் காரணம் கேட்பார் யாருமில்லை. பழைய குற்றத்தை எடுத்துக் கூறுவாரும் யாருமில்லை. செய்ந்நன்றியறிதல் என்னும் அறத்தை வலியுறுத்தும் நூல்கள் பெரும்பாலும் நன்றி பெற்றவனை நோக்கியே பேசுகின்றன. நன்றியைக் கேளாமல் இருப்பது எப்படி என்பதை நன்மை செய்தவனுக்குக் கற்பிக்க வல்லவன் ஜோ.

இரண்டு முடிவுகளும் மூன்றாவதும்

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், பிப்பும் எஸ்டெல்லாவும் ஆண்டுகள் பல கழிந்து லண்டன் வீதியில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிகின்றனர். நாவலாசிரியராகிய புல்வர் லிட்டன் என்னும் நண்பரின் அறிவுரைப்படி அதனை மாற்றி, பாழடைந்த மாளிகைத் தோட்டத்தில் இருவரும் கைகோத்துச் செல்வதாக முடித்து வெளியிட்டார்.

படமோ மூன்றாவது முடிவொன்றைப் படைக்கிறது. நாவலில் எஸ்டெல்லா பென்ட்லி டிரம்மில் என்னும் முரடனை மணந்து துன்புறுகிறாள். படத்தில் அவள் பிறப்பை அறிந்து அவன் மணத்தைக் கைவிடுகிறான். அவள் மிஸ் ஹாவிஷாமின் அறையில், அவர் இருந்த நாற்காலியிலேயே, வெயில் புகாத இருளில் அமர்ந்துவிடுகிறாள். கைவிட்டவரின் வாழ்க்கை கைவிடப்பட்டவளுக்கு வந்து சேர்கிறது. அப்போது பிப் பாய்ந்து சென்று, பல்லாண்டாகத் தொங்கிய திரைகளைக் கிழித்தெறிகிறான். வெளிச்சம் அறைக்குள் வெள்ளமாய்ப் பாய்கிறது. தூசும், கறுத்துப்போன கலியாணப் பண்ணியமும், நின்றுபோன கடிகாரமும் வெட்டவெளியில் வெறும் பொருள்களாகிவிடுகின்றன.

இம்முடிவு நாவலுக்குத் துரோகம் என்பாரும் உளர். பதினோராண்டு அயல்நாட்டில் உழைத்து மெல்லக் கனியும் பிப்பின் வாழ்க்கையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவது ஒரு குறையே. ஆர்லிக் என்னும் கொடியவனையும், வேறு சில கிளைக்கதைகளையும் படம் அறவே விட்டுவிட்டது. இளம் பிப்பாக நடித்த ஆந்தணி வேஜர் நம் மனத்தில் பதிந்த அளவிற்கு, முப்பத்தெட்டு வயதில் இளைஞன் வேடம் ஏற்ற ஜான் மில்ஸ் பதியவில்லை என்றும் கூறலாம். ஆயினும் திரை கிழிக்கும் அக்காட்சி படத்திற்கே உரிய நியாயத்தில் நிறைவுடையது. எழுத்தால் பல அதிகாரங்களில் கூறவேண்டியதை ஒளியால் ஒரு கணத்தில் கூறுவது திரைக்கலையின் ஆற்றல். அன்றியும், முன்னைத் தலைமுறையின் காயத்தைப் பின்னைத் தலைமுறை தன் இருக்கையாக்கிக் கொள்ளலாகாது என்னும் பொருளும் அதில் அடங்கியுள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

இப்படம் வெளிவந்து முக்கால் நூற்றாண்டிற்கு மேலாகிறது. நாவல் தோன்றி நூற்றறுபதாண்டிற்கு மேலாகிறது. கடனுக்குச் சிறையும், கைதிகளைக் கடல் கடத்தும் வழக்கமும் ஒழிந்தன. ஆனால் பிறர் உழைப்பில் கற்கும் பிள்ளைகள் உலகில் எங்கும் உளர். கல்லூரி மாணவருள் தம் கட்டணத்தின் வரலாற்றை முழுவதும் அறிந்தவர் எத்துணையர்? சிலருக்கு அதைத் தந்தது நிலத்தை விற்ற தந்தை. சிலருக்குப் படிப்பை நிறுத்திக்கொண்ட தமக்கை. சிலருக்கு முகமே காணாத ஒருவர் ஏற்படுத்திச் சென்ற உபகாரச் சம்பளம். விடுதிக்கு வரும் உறவினரின் வேட்டியையும் பேச்சையும் கண்டு ஒரு கணம் தயங்கும் மாணவன், தன்னைப் பிப்பின் அறையில் நிற்பவனாகக் கண்டுகொள்வான். கல்வி நம் கைகளை மென்மையாக்கலாம். மென்மையாகிய கைகள் முரட்டுக் கைகளைப் பற்ற அஞ்சுமாயின், அக்கல்வியில் ஏதோ ஒரு பாடம் விடுபட்டுள்ளது.

பாடம் மாணவர்க்கு மட்டுமன்று. ஆசிரியராயினும், பழைய மாணவராயினும், பொருளுதவி செய்யும் பெருமக்களாயினும், பிறரை ஆளாக்கும் நிலையில் உள்ளோர் யாவரும், தாம் ஜோவைப் போல் வளர்க்கின்றோமா, மிஸ் ஹாவிஷாமைப் போல் வளர்க்கின்றோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘என் கனவான்’ என்று மாக்விச் பிப்பை நோக்கிப் பெருமிதம் கொண்டது அன்பே. ஆனால் அவ்வன்பிலும் உடைமையின் நிழல் படிந்திருந்தது. ‘உன்னை ஆளாக்கியது யார்?’ என்னும் வினாவை ஆளாக்கியவர் கேட்கும்போது அது கடன்பத்திரமாகிறது. ஆளானவன் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும்போதோ அது நன்றியாகிறது. அதை முதலில் கேட்டுக்கொள்ளும் கடமை நமதே.